1,400 முன்பணங்கள், விற்காமல் நின்ற கார்கள்: ஜாகுவார் எக்ஸ்ஜே220 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த நிகழ்வு

எண்ணிக்கை குறைத்துச் செய்யப்படும் ஹைப்பர்கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை செய்தார்கள்?" என்பதுதான். நூறு என்றால் ஒரு மரியாதை, ஐந்நூறு என்றால் கொஞ்சம் குறைவு. எண்ணிக்கை குறையக் குறைய மதிப்பு ஏறும் என்பது பலருக்குக் கேள்வியே இல்லாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டி, அது கண்ணெதிரே உடைந்துபோன ஒரு நிகழ்வு பிரிட்டனில் நடந்தது. 1988இல் தொடங்கி 1997 வரை நீண்ட ஜாகுவார் எக்ஸ்ஜே220 காரின் கதை அது.

ஹைப்பர்கார் என்ற பெயர் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் இன்று அந்தப் பெயருக்கு நாம் வைக்கும் இலக்கணம் எல்லாம் இந்தக் காரில் இருந்தது: உச்ச வேகம், எண்ணி வைத்த உற்பத்தி, முன்கூட்டியே வாங்கிய பெருந்தொகை, காத்திருப்போர் பட்டியல். சம்பந்தப்பட்ட மனிதர்களின் பெயர்களை இதில் சேர்க்கவில்லை. பொறியாளர்கள், நிர்வாகத்தினர், முன்பணம் கட்டியவர்கள் என்று அவரவர் இருந்த இடத்தை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1980களின் இரண்டாம் பாதியில் போர்ஷே 959 வந்தது, 1987இல் ஃபெராரி எஃப்40 வந்தது. எஃப்40-ஐ 400 கார்களோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் முதலில் திட்டம். 1988 ஆகஸ்ட்டில் ஃபெராரியின் நிறுவனர் இறந்ததும் அந்த நிறுவனத்தின் கார்கள் எல்லாவற்றுக்கும் விலை பறந்தது. 1987 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்திருந்ததால், கண்ணால் பார்த்துத் தொடக்கூடிய பொருள்களில் போடப் பணம் காத்திருந்தது. ஒரு புகழ்பெற்ற பந்தய வீரரின் எஃப்40 பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது என்ற செய்தி வந்த காலம் அது. பிரிட்டனில் அதன் பட்டியல் விலையோ இரண்டு லட்சம் பவுண்டைக்கூட எட்டவில்லை.

ஜாகுவாருக்கு அந்த ஆண்டு வேறொரு பெருமையும் சேர்ந்திருந்தது. 1988 ஜூனில், 31 ஆண்டுகளுக்குப் பிறகு, லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள். வென்ற காரில் இருந்தது 7 லிட்டர் வி12 எஞ்சின், அதாவது 'வி' வடிவில் அடுக்கிய பன்னிரண்டு சிலிண்டர்கள். பின்னால் நடந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் முக்கியம். ஜாகுவார் என்றால் வி12 என்பது அந்த ஆண்டு வெறும் எஞ்சின் விவரமாக இருக்கவில்லை. ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த வெற்றியே அதுதான்.

1988 அக்டோபர், பர்மிங்ஹாம்

கார் பிறந்த விதமே அழகானது. 1987 கிறிஸ்துமஸ் விடுமுறையில் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வீட்டில் அட்டையை வெட்டி ஒரு மாதிரி செய்தார். அதிகாரபூர்வ பட்ஜெட் கிடையாது. ஊழியர்கள் சிலர் மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். அவர்களைச் 'சனிக்கிழமைக் குழு' என்றே அழைத்தார்கள். உதிரிபாகம் தருபவர்களும் கைகொடுத்தார்கள். கண்காட்சி தொடங்கவிருந்த நாளின் விடியலுக்கு முன்புதான் கார் முழுமை பெற்றது.

மேடையில் நின்ற காரில் 6.2 லிட்டர் வி12 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், கத்தரிக்கோல் போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். பின்புறக் கண்ணாடி வழியாக எஞ்சின் தெரிந்தது. பெயரில் உள்ள 220 என்பது மணிக்கு 220 மைல், அதாவது சுமார் 354 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும் என்ற இலக்கு. விலை எதுவும் அறிவிக்கப்படாத நிலையிலேயே, வாங்கத் தயார் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் காரைச் செய்தவர்கள் விற்பதற்காகச் செய்யவில்லை. ஆசைப்பட்டுச் செய்தார்கள். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனதும் அந்த ஆசைதான். அதை ஒப்பந்தத்தில் எழுதி விற்க முனைந்தபோதுதான் சிக்கல் ஆரம்பமானது.

முன்பணம்

1989 நவம்பரில் ஃபோர்டு நிறுவனம் ஜாகுவாரை வாங்க உடன்பாடு ஆனது. அடுத்த மாதமே எக்ஸ்ஜே220 உற்பத்தித் திட்டம் அறிவிக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை 2,90,000 பவுண்டு. வரிசையில் இடம் பிடிக்க 50,000 பவுண்டு முன்பணம், அதற்கு வரி தனி. 350 கார்களுக்கு மேல் செய்யமாட்டோம் என்றது நிறுவனம். 1,400-க்கும் மேற்பட்ட முன்பணங்கள் வந்து குவிந்தன.

350 காருக்கு 1,400 பேர். எந்த நிறுவனத்துக்கும் தலைகால் புரியாமல் போகும் கணக்கு இது. ஆனால் பணம் கட்டியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. காரை ஓட்ட ஆசைப்பட்டவர்கள் ஒரு பக்கம். அடுக்குமாடி வீட்டை வரைபடத்திலேயே புக் பண்ணிவிட்டு, சாவி கைக்கு வரும் முன்பே கைமாற்றி லாபம் பார்ப்பவர்களைப் போல, வரிசையில் கிடைத்த இடத்தையே சரக்காக நினைத்தவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கட்டியது ஒரே தொகை என்பதால் பட்டியலில் வித்தியாசம் தெரியவில்லை. அதைப் பிரித்தறிய நிறுவனமும் முயலவில்லை. அப்போது அதற்கு அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றியிருக்காது.

ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. விலை நிலையானது அல்ல, விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும். பிரிட்டனில் அடிப்படை வட்டி விகிதம் 15 சதவீதத்தைத் தொட்டிருந்த நேரம் அது. கார் கிடைக்கும்போது என்ன விலை இருக்கும் என்று கையெழுத்துப் போட்ட நாளில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பொறியியல் முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

உற்பத்திப் பொறுப்பு, ஜாகுவாரும் ஒரு பந்தய நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஜாகுவார்ஸ்போர்ட்டிடம் போனது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிளாக்ஸம் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை அமைத்தார்கள். மேடையில் நின்ற காரைச் சாலைக்கு ஏற்றபடி பிரித்துப் பார்த்ததும் பல விஷயங்கள் கைவிடப்பட்டன.

வி12 போனது. அது பெரியது, எடை அதிகம், புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் அதைக் கொண்டுவருவது கடினம். அதன் இடத்தில் 3.5 லிட்டர் வி6, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் இரண்டு டர்போக்களோடு. ஜாகுவாரின் பந்தயக் கார்களில் ஓடிய எஞ்சின்தான் என்றாலும், அதன் வம்சாவளி மெட்ரோ 6ஆர்4 என்ற ராலி காருக்குப் போகிறது. மெட்ரோ என்பது பிரிட்டிஷ் சாலைகளில் எங்கும் பார்க்கக் கிடைத்த ஒரு சின்னக் கார். நான்கு சக்கர இயக்கமும் போய், பின்சக்கர இயக்கம் வந்தது. மேல்நோக்கித் திறந்த கதவுகளின் இடத்தில் சாதாரணக் கதவுகள். காரின் நீளமும் குறைந்தது.

இந்த முடிவுகளைப் பொறியியல் கண்ணோடு பார்த்தால் ஒன்றைக்கூடத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. புதிய வி6 தந்தது 542 குதிரைத்திறன். கண்காட்சிக் காரின் வி12-க்குச் சொல்லப்பட்டது 500 அளவில்தான். எடை குறைந்தது, அலுமினியத் தேன்கூட்டுச் சட்டகம் உறுதியாக இருந்தது. 1992இல் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் மணிக்கு 212.3 மைல், அதாவது சுமார் 342 கிலோமீட்டர் எட்டியது. புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் சுழற்சி வரம்பையும் உயர்த்தி ஓட்டியபோது 217 மைல். 220 வரவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் உலகத்தின் அதிவேக உற்பத்திக் கார் இதுதான்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? பணம் கட்டியவர்கள் வாங்க நினைத்தது குதிரைத்திறனை அல்ல. 1988 கோடையில் லே மான் வென்ற ஓசை ஒன்று இருந்ததே, அது தன் வீட்டுக் கொட்டகையில் நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அதற்குப் பதிலாக வந்தது கண்காட்சிக் காரைவிடத் திறன் கூடிய, அதைவிடக் கச்சிதமான, ஆனால் வேறொரு கார். பின்விளக்குகள் ரோவர் 200 என்ற குடும்பக் காரில் இருந்து எடுத்தவை என்பதும் வெளியே தெரிந்தது. குறைந்த எண்ணிக்கையில் செய்பவர்கள் பெரிய தொழிற்சாலைகளின் விளக்கையும் பொத்தானையும் கடன் வாங்குவது அன்று வழக்கம்தான். ஆனால் நான்கு லட்சம் பவுண்டைத் தாண்டிய ஒரு பொருளில் அது கண்ணை உறுத்தியது.

நிலைமையை மோசமாக்கிய இன்னொரு முடிவு உண்டு. காத்திருப்போர் இன்னும் காத்திருக்கும்போதே, அதே கூட்டு நிறுவனம் எக்ஸ்ஜேஆர்-15 என்ற காரையும் கொண்டுவந்தது. கார்பன் இழை உடல், வி12 எஞ்சின், வெறும் 53 கார்கள். அதற்கென்றே மொனாக்கோ, சில்வர்ஸ்டோன், ஸ்பா ஆகிய மூன்று இடங்களில் 1991இல் பந்தயத் தொடரும் நடந்தது. எக்ஸ்ஜே220-க்குப் பணம் கட்டி இரண்டு வருடமாகக் காத்திருந்தவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 'எனக்குக் காட்டிய வி12-ஐ வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்றுதான் நினைப்பார். தொழில்நுட்ப ரீதியில் இரண்டும் வேறு வேறு கார்கள் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

சந்தை கவிழ்ந்தது

1990இல் பிரிட்டன் மந்தநிலைக்குள் போனது. பழைய ஃபெராரிகளின் விலை சரிந்தது. 400 கார்களோடு நிற்க வேண்டிய எஃப்40-ம் நிற்கவில்லை. கேட்பவர்கள் இருந்தார்கள் என்பதால் செய்துகொண்டே போய், கடைசியில் 1,311 கார்களில்தான் முடித்தார்கள். கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று வந்தவர்களுக்குக் கைமாற்ற ஆள் கிடைக்கவில்லை.

1992இல் எக்ஸ்ஜே220 விநியோகம் தொடங்கியபோது, குறியீட்டு உயர்வும் வரியும் சேர்ந்து விலை 4,70,000 பவுண்டு அளவுக்குப் போயிருந்தது. நடுவில் பிரிட்டனின் மதிப்புக்கூட்டு வரியும் 15 சதவீதத்தில் இருந்து 17.5 ஆகியிருந்தது. கார் தயார், மீதித் தொகையைக் கட்டுங்கள் என்று கடிதம் போனதும், பலர் பின்வாங்கினார்கள்.

வழக்கும் பேரமும்

பின்வாங்கியவர்களின் வாதம் எளிமையானது: எங்களுக்குக் காட்டியது வேறு கார். நிறுவனத்தின் நியாயமும் எளிமையானதுதான்: நீங்கள் கையெழுத்திட்டது மேடையில் நின்ற காருக்கு அல்ல, உற்பத்தித் திட்டத்துக்கு. விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தை விட்டுக்கொடுக்க நிறுவனம் முன்வரவில்லை. காரையும் வாங்காமல், ஒரு தொகையைக் கொடுத்து ஒப்பந்தத்தில் இருந்து கழன்றுகொண்டவர்களும் பலர்.

சட்டப்படி நிறுவனத்தின் கை மேலோங்கியிருந்திருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரோடு வழக்காடிப் பணம் வசூலித்த ஒரு காரை அடுத்து வருபவர் எந்த மனநிலையோடு பார்ப்பார்? வழக்குச் செய்திகள் வெளிவந்த ஒவ்வொரு வாரமும், ஏற்கெனவே முழுப் பணம் கட்டி எடுத்துப்போன உரிமையாளர்களின் காருக்கும் மதிப்பு இறங்கியது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இவர்கள் நிலைதான். கடைசிவரை நம்பி நின்றவர்கள், நம்பாமல் ஓடியவர்கள் செய்த சேதத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

விளைவு

1994இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 280 கார்கள்தான் செய்யப்பட்டிருந்தன. சொன்ன 350-ஐவிடக் குறைவு. எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்ற கணக்குப்படி இது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ நேரெதிர். விற்காத கார்கள் வருடக்கணக்கில் நின்றன. 1997 வாக்கில் மிச்சமிருந்த புதிய கார்களுக்குக் கேட்கப்பட்ட விலை, 1992 பட்டியல் விலையில் பாதிக்கும் குறைவு.

அதே காலத்தில் வந்த மெக்லாரன் எஃப்1-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் வணிக ரீதியில் திட்டமிட்டபடி விற்கவில்லை. 300 செய்ய நினைத்து, பந்தயக் கார்களையும் சேர்த்து 106-ஓடு நிறுத்தினார்கள். மந்தநிலை அதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தக் காரில் சொன்னது எல்லாம் இருந்தது: இயற்கையாகக் காற்றை இழுக்கும் வி12, நடுவில் ஓட்டுநர் இருக்கை, எஞ்சின் அறையில் வெப்பத்தைத் தடுக்கத் தங்கத் தகடு. 1998இல் மணிக்கு 240 மைல் வேகத்தைத் தாண்டியது. 2021இல் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில், மிகக் குறைவாக ஓடிய ஓர் எஃப்1 2 கோடி டாலருக்கு மேல் போனது.

எஃப்40-ஐயும் பாருங்கள். எக்ஸ்ஜே220-ஐப் போல நான்கு மடங்குக்கு மேல் எண்ணிக்கை. சொன்ன வரம்பை மூன்று மடங்கு மீறிய உற்பத்தி. இருந்தும் இன்று ஓர் எஃப்40 20 லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. எக்ஸ்ஜே220 பல ஏலங்களில் 5 லட்சம் டாலரை ஒட்டியே நிற்கிறது. அபூர்வம்தான் மதிப்பு என்றால் இந்த மூன்று விலைகளும் இப்படி இருக்கவே முடியாது.

கதை எப்படிப் பணமாகிறது என்பதற்கு இன்னொரு சின்ன உதாரணம். ஃபெராரி என்ஸோ 399 கார்களோடு முடிந்த பிறகு, 400ஆவதாக ஒன்றைச் செய்து போப்பாண்டவருக்குக் கொடுத்தார்கள். 2004 சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ, அது 2005இல் ஏலம் விடப்பட்டு 9,50,000 யூரோ திரட்டியது. பத்து வருடம் கழித்து அதே கார் 60 லட்சம் டாலருக்குப் போனது. மற்ற 399 கார்களில் இருந்து அதைப் பிரித்துக் காட்டியது எஞ்சினோ வேகமோ அல்ல, அது போன வழி.

தாமதமாக வந்த மரியாதை

எக்ஸ்ஜே220-இன் விலை பிற்காலத்தில் மெல்ல ஏறியதற்குக் காரணங்கள் உண்டு. 25 வயது கடந்த கார்களை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகத் தடை இல்லை. அதனால் 2017 முதல் அங்கே ஒரு புதிய சந்தை திறந்தது. அதைவிடப் பெரிய காரணம், இந்தக் காரைப் பராமரிக்கும் அறிவை இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டறை விடாமல் காத்து வந்தது.

பராமரிப்பு என்பது இங்கே சாதாரண வார்த்தை இல்லை. பெட்ரோல் டேங்க், பந்தயக் காரில் உள்ளது போல ஒரு ரப்பர் பை. சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். அதை எடுக்க எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். எஞ்சின் இறங்கியபோதே டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுவார்கள். கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் நின்றாலும் இந்தச் செலவு உண்டு. ரப்பருக்கு வயதுதான் கணக்கு. டயர் கதை இன்னும் மோசம். 345 மில்லிமீட்டர் அகலத்தில் அசலாக வந்த டயரின் உற்பத்தி எப்போதோ நின்றுபோனது. பழைய டயரில் அந்த வேகத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அந்தப் பட்டறையோடு சேர்ந்து டயர் நிறுவனங்கள் புதிதாக வடிவமைத்துத் தந்த பிறகுதான் பல கார்கள் கொட்டகையை விட்டு மறுபடி சாலைக்கு வந்தன. ஓட ஆரம்பித்ததும், ஓட்டிப் பார்த்தவர்கள் நல்லதாக எழுத ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் விலை அசைந்தது.

என்ன மாறியது, இன்னும் என்ன மாற வேண்டும்

பின்னால் வந்த நிறுவனங்கள் வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. ஜாகுவாரை அன்று வாங்கிய அதே ஃபோர்டு, 2016இல் தன் ஜிடி காருக்கு விண்ணப்ப முறை கொண்டுவந்தது. முதல் 500 இடங்களுக்கு 6,506 விண்ணப்பங்கள். காரை ஓட்டுவீர்களா என்பதே முக்கியக் கேள்விகளில் ஒன்று. இரண்டு வருடத்துக்குள் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அதை மீறி விற்ற ஒரு வாங்குநர்மீது 2017இல் நிறுவனம் வழக்குப் போட்டது. அடுத்த வருடம் சமரசம் ஆகி, அந்தத் தொகை தொண்டுக்குப் போனது. இங்கேயும் வழக்கு உண்டு, ஆனால் திசை வேறு. காரை வேண்டாம் என்றவரோடு நடந்த சண்டை இல்லை இது, சீக்கிரம் கைமாற்றியவரோடு நடந்தது. வரிசையில் நிற்பவர்களின் மதிப்பைக் காக்க இது உதவும் என்பது என் கருத்து. வாங்கிய பொருளை விற்கத் தடையா என்று கோபப்படுபவர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் 1992இல் நம்பி நின்றவர்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிறுவனத்தின் இடத்தில் இருந்து பார்த்தால் இரண்டு விஷயங்களை மாற்றியிருக்க வேண்டும். கண்காட்சிக் காரை வைத்து உருவான ஆசையின் மேல் முன்பணம் வாங்கியிருக்கக் கூடாது. உற்பத்திக் காரை ஓடும் நிலையில் காட்டிவிட்டு, அப்புறம் வரிசையைத் திறந்திருக்க வேண்டும். 1,400 பேர் 400 ஆகியிருப்பார்கள். அந்த 400 போதும். இரண்டாவது, வடிவமைப்பில் எஞ்சின் போன்ற அடிப்படை மாறினால், முன்பணத்தை முழுசாகத் திருப்பிப் பெற்று விலகும் உரிமையை ஒப்பந்தத்திலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் செலவான பணத்தையும் பெயரையும் பார்த்தால், இது மலிவான வழி.

இன்று இப்படி ஒரு வரிசையில் இடம் பிடிக்க நினைப்பவர், விளம்பரத்தில் உள்ள எண்ணிக்கையைப் பார்க்கும் முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படிக்க வேண்டும்: விலை எதோடு சேர்ந்து எந்த உச்சவரம்புவரை ஏறும், எஞ்சினும் இயக்கமும் மாறினால் தனக்கு என்ன உரிமை, உற்பத்தி நின்று இருபது வருடம் கழித்து டேங்க் பையும் டயரும் யார் தருவார்கள். மூன்றாவதற்கு எழுத்தில் பதில் தரும் நிறுவனங்கள் மிகக் குறைவு. தராத இடத்தில், அந்தப் பராமரிப்புச் செலவையும் காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.